ராணிப்பேட்டையிலிருந்து வீட்டு ஷேர் ஃபோல்டர் திறக்கலை, 445 ஃபார்வர்ட் பண்ணியும் எரர் 53

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்கிற ஒரு ஷேர் ஃபோல்டரை ராணிப்பேட்டை சிப்காட் ஆபீஸ்ல இருந்து திறக்கணும். மூணு நாளா எரர் 53 (நெட்வொர்க் வழி கிடைக்கலை) மட்டும்தான் வருது. விவரம் முழுசா போடறேன், தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

வீடு சத்துவாச்சாரி. லோக்கல் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் லைன், 100 எம்பிபிஎஸ். அவர் மாட்டின ஓஎன்டி பாக்ஸோட (ஃபைபர் வந்து முடியற பெட்டி) லேன் போர்ட்ல இருந்து ஒயர் எடுத்து, நான் தனியா வாங்கின வைஃபை 6 ரவுட்டரோட வேன் போர்ட்ல, அதாவது வெளி இணையம் நுழையற போர்ட்ல, சொருகியிருக்கேன். கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 ப்ரோ, ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வ் பண்ணி 192.168.1.20-னு நிலையா வச்சிருக்கேன். டி டிரைவ்ல "கணக்கு"ன்னு ஒரு ஃபோல்டர் ஷேர் ஆகியிருக்கு. வீட்டுக்குள்ள லேப்டாப்ல, போன்ல எல்லாம் திறக்குது.

இதுவரைக்கும் செஞ்சது: ரவுட்டர்ல டிசிபி போர்ட் 445-க்கு வெளியிலிருந்து வர்றதை 192.168.1.20-க்கு ஃபார்வர்ட் பண்ணேன். டிடிஎன்எஸ் (மாறுற ஐபிக்கு நிலையான பேர் தர்ற சேவை) பேர் ஒண்ணு எடுத்தேன். விண்டோஸ் ஃபயர்வாலை அஞ்சு நிமிஷம் முழுசா அணைச்சும் பார்த்தேன். வீட்டு வைஃபையில இருந்தே அந்த டிடிஎன்எஸ் பேரைக் கொடுத்தாலும் திறக்கலை. ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் ஐபி 192.168.100.5-னு காட்டுது. "என் ஐபி என்ன"ன்னு சொல்ற வெப்சைட்ல 103-ல தொடங்குற நம்பர் வருது.

தேவை: எக்செல், பிடிஎஃப், அப்புறம் டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்) டேட்டா.

கோட்டை_அகழி:

மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல அந்த 445 ஃபார்வர்டை ரவுட்டர்ல இருந்து எடுத்துடுங்க. ஃபயர்வாலையும் திரும்ப ஆன் பண்ணுங்க. இந்தப் பதிவைப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே செய்யுங்க.

காரணம் சொல்றேன். 445-ங்கிறது விண்டோஸ் ஃபைல் ஷேரிங், அதாவது எஸ்எம்பி பேசற போர்ட். 2017 மே மாசம் உலகம் பூரா பரவின வான்னாக்ரை இந்தக் கதவு வழியாத்தான் மெஷினுக்கு மெஷின் தாவிச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் அந்த வருஷம் மார்ச்லயே வந்தாச்சு. போடாதவங்க மாட்டினாங்க. இன்னிக்கும் 445 திறந்திருக்கான்னு தேடிக்கிட்டே இருக்கிற புரோகிராம்கள் இணையத்துல ஏராளம். திறந்துவச்சா பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கும். உங்க ஃபோல்டர்ல இருக்கிறது கணக்கு விவரம், அதை மனசுல வைங்க.

அதே காரணத்தால பல இணைய நிறுவனங்கள் 445-ஐ நடுவழியிலயே தடுத்துடுது. அதனால நீங்க வீட்டு ரவுட்டரை எவ்வளவு சரியா அமைச்சாலும் பலன் இருக்காது. வெளியே 4450, உள்ளே 445-னு மாத்தி வைக்கற தந்திரமும் பழைய விண்டோஸ்ல எடுபடாது. எக்ஸ்ப்ளோரர் 445-ஐ மட்டும்தான் தட்டும். விண்டோஸ் 11 24எச்2-ல வேற போர்ட் சொல்ற வசதி வந்திருக்கு. ஆனா கதவு திறந்து கிடக்கிற ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

இப்ப உங்க நோய்க்கு வருவோம். வேன் ஐபி 192.168.100.5-னா, ரவுட்டர் நேரா இணையத்துல இல்லை, ஓஎன்டிக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கு. ரெண்டு பெட்டியும் தனித்தனியா நேட் பண்ணுது, அதாவது உள்ளே இருக்கிற முகவரிகளைத் தன் ஒரே முகவரிக்குப் பின்னாடி மறைக்குது. நீங்க உள்வாசல்ல ஓட்டை போட்டிருக்கீங்க, வெளிவாசல் மூடியே இருக்கு. அடுத்து தெரிய வேண்டியது ஓஎன்டியோட வேன் ஐபி. பிரவுசர்ல 192.168.100.1 போட்டு உள்ளே போங்க. லாகின் பெரும்பாலும் பெட்டி அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். ஸ்டேட்டஸ், வேன் பக்கத்துல இருக்கிற ஐபியோட முதல் ரெண்டு பகுதியை மட்டும் இங்க போடுங்க. முழு நம்பர் வேண்டாம்.

இன்னொண்ணு, வீட்டு வைஃபையில இருந்தே வெளி முகவரியைக் கொடுத்து சோதிக்காதீங்க. நேட் லூப்பேக் (உள்ளேயிருந்து வெளி முகவரிக்குப் போறதை உள்ளேயே திருப்பற வசதி) இல்லாத ரவுட்டர்ல எல்லாம் சரியா இருந்தாலும் தோல்வின்னுதான் காட்டும். லேப்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்ல போட்டு சோதிங்க.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

445 எடுத்துட்டேன் சார், ஃபயர்வாலும் ஆன். ஓஎன்டியில வேன் ஐபி 100.72-ல தொடங்குது. வெப்சைட்ல காட்டறது 103. கேபிள்காரர்கிட்ட கேட்டேன், மாசம் கொஞ்சம் கூட கட்டினா ஸ்டேட்டிக் ஐபி தர்றேன்னு சொல்றார். வாங்கலாமா?

பாலாற்று_மணல்:

100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ள முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்துவதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. இதைத்தான் சிஜிநேட் என்கிறோம். 103-இல் தொடங்கும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உங்கள் தெருவில் பல வீடுகள் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் பாக்கெட் எந்த வீட்டுக்கு என்று அந்த நிறுவனத்தின் பெட்டிக்குத் தெரியாது. ஆகவே ரவுட்டரில் என்ன ஃபார்வர்ட் செய்தாலும் பயனில்லை, டிடிஎன்எஸ்ஸும் உதவாது.

எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு.

ஸ்டேட்டிக் ஐபி வாங்கி, ரவுட்டரிலேயே வயர்கார்ட் என்ற விபிஎன் (இணையத்தின் ஊடே பூட்டிய தனிப்பாதை) அமைப்பது முதல் வழி. உங்களுடையது வைஃபை 6 ரவுட்டர் என்பதால் விபிஎன் சர்வர் மெனுவில் வயர்கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதைத்தான் பரிந்துரைப்பேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் கூடுதலாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

ஐபி வாங்க மனமில்லை என்றால் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை. வீட்டிலும் லேப்டாப்பிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசுவதால் சிஜிநேட் தடையாகாது. நேர்வழி கிடைக்காதபோது அவர்களுடைய இடைச் சர்வர் வழியாகப் போகும், வேகம் குறையும். இரண்டு அமைப்புகளை மறக்காதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் "ரன் அன்அட்டெண்டட்" ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் யாரும் லாகின் செய்யாத நேரத்தில் இணைப்பு இருக்காது. அட்மின் பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கீ எக்ஸ்பைரியை நிறுத்துங்கள். இயல்பாக 180 நாளில் காலாவதியாகும், அன்றைக்கு நீங்கள் வெளியூரில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது ஐபிவி6, அதாவது புதிய வகை நீண்ட முகவரி. அதில் சிஜிநேட் கிடையாது. ஆனால் வீட்டிலும் ஆபீஸிலும் இரு பக்கமும் ஐபிவி6 வேண்டும், முகவரியின் முன்னொட்டு மாறிக்கொண்டே இருக்கலாம், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலிலும் தனியாக அனுமதி தர வேண்டும். இப்போதைக்கு விடுங்கள்.

ஆபீஸ் நெட்வொர்க்கில் விபிஎன் போட அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பல தொழிற்சாலை ஃபயர்வால்கள் வெளியே போகும் யுடிபியை (வயர்கார்ட் பயன்படுத்தும் பாக்கெட் வகை) தடுத்திருக்கும், அவர் திறந்தால்தான் உண்டு.

குடியாத்தம்_ஃபைபர்:

ஸ்டேட்டிக் ஐபி வாங்கறதா இருந்தா ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது நேட் பண்ணாம வெறும் பாலமா இருக்கிற மாதிரி, மாத்தச் சொல்லுங்க. அப்பத்தான் அந்த ஐபி நேரா உங்க ரவுட்டருக்கு வரும், ரெண்டு நேட் தொல்லை ஒழியும். மாத்தறதுக்கு முன்னாடி கேபிள்காரர்கிட்ட மூணு விஷயத்தை எழுதி வாங்கிக்கோங்க: பிபிபிஓஇ (லைனுக்குள்ள லாகின் பண்ற முறை) யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் ஐடி (லைன்ல எந்தத் தடம்னு சொல்ற நம்பர்). இதுல விலான் ஐடியைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. அது தப்பா இருந்தா யூசர்நேம் சரியா இருந்தாலும் ரவுட்டர் "கனெக்டிங்"லயே நிக்கும். பிரிட்ஜ் பண்ணதும் ஓஎன்டியோட வைஃபை நின்னுடும், வீட்ல யாராவது அதுல இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. லேண்ட்லைன் போன் ஓஎன்டியில சொருகியிருந்தா அதுவும் வேலை செய்யுமான்னு கேட்டுக்கோங்க.

பிரிட்ஜ் போட மாட்டேன்னு சொன்னா, ஓஎன்டியில டிஎம்இசட்-ல (வெளியிலிருந்து வர்றதை எல்லாம் ஒரே பெட்டிக்கு அனுப்பற அமைப்பு) 192.168.100.5-ஐக் கொடுக்கச் சொல்லுங்க. அதுவும் ஓடும்.

எல்லாம் முடிஞ்சதும் ரவுட்டரோட வேன் ஐபியும் (டிஎம்இசட்னா ஓஎன்டியோட வேன் ஐபியும்) வெப்சைட் காட்டற ஐபியும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணா இல்லைன்னா அடுத்த படிக்குப் போகாதீங்க, அவர்கிட்டயே திரும்பக் கேளுங்க.

இன்னொரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லலை. ஆபீஸ் வைஃபையும் 192.168.1-ஆ? அப்படின்னா விபிஎன் இணைஞ்சாலும் 192.168.1.20-ங்கிறதை லேப்டாப் ஆபீஸ்லயே தேடும், வீட்டுக்கு அனுப்பாது. இப்பவே வீட்டு ரவுட்டரோட லேன் முகவரியை 192.168.57.1 மாதிரி யாரும் வைக்காத ஒண்ணா மாத்துங்க. கம்ப்யூட்டர் ரிசர்வேஷனையும் 192.168.57.20 ஆக்குங்க. பிரின்டர், சிசிடிவி டிவிஆர் எதுக்காவது கையால ஐபி போட்டிருந்தா அதையும் மாத்தணும்.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

ரொம்ப நன்றிங்க. ஆபீஸும் 192.168.1 தான்! வீட்டை 57-க்கு மாத்திட்டேன். ஸ்டேட்டிக் ஐபி வாங்கி பிரிட்ஜும் ஆச்சு, ரெண்டு ஐபியும் ஒண்ணா இருக்கு. ரவுட்டர்ல வயர்கார்ட் மெனு இருக்கு. அதுல என்னென்ன போடணும்? ஆன்லைன் போர்ட் செக்கர்ல வயர்கார்டோட போர்ட் 51820 மூடியிருக்குன்னு வருது, அது சரியா?

கோட்டை_அகழி:

அந்த செக்கரை நம்பாதீங்க. அதுல பல டிசிபியை மட்டும்தான் சோதிக்கும், வயர்கார்ட் யுடிபி. அது போக, சரியான சாவி இல்லாம தட்டறவங்களுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. வெளியிலிருந்து பார்த்தா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அதுதான் அதோட பலம்.

ரவுட்டர் பக்கம்: டன்னல் முகவரி 10.57.0.1/24, போர்ட் 51820. லேப்டாப்புக்கு ஒரு பியர் (மறுமுனை சாதனம்) சேர்த்து அதுக்கு 10.57.0.2/32. சர்வர் ரவுட்டர்லயே இருக்கிறதால தனியா போர்ட் ஃபார்வர்ட் வேண்டாம்.

லேப்டாப் பக்கம், வயர்கார்ட் ஆப்ல: முகவரி 10.57.0.2/32. எண்ட்பாயிண்ட்ல உங்க ஸ்டேட்டிக் ஐபி, முக்காற்புள்ளி, 51820. அலவுட் ஐபிஸ்ல 10.57.0.0/24, 192.168.57.0/24 இந்த ரெண்டு மட்டும். அதுல 0.0.0.0/0 போட்டா ஆபீஸ்ல நீங்க பார்க்கிற எல்லா வெப்சைட்டும் வீட்டு லைன் வழியா சுத்திட்டு வரும். பர்சிஸ்டெண்ட் கீப்அலைவ் 25.

சாவியை ஒட்டும்போது கவனம். ஒவ்வொண்ணும் 44 எழுத்து, கடைசி எழுத்து சமக்குறி. டபுள் கிளிக் பண்ணி காப்பி எடுத்தா அந்த சமக்குறி விட்டுப்போயிடும். ரவுட்டரோட பப்ளிக் கீ லேப்டாப்லயும், லேப்டாப்போட பப்ளிக் கீ ரவுட்டர்லயும் இருக்கணும். பிரைவேட் கீயை எங்கேயும் அனுப்பாதீங்க, இங்கயும் போடாதீங்க.

ஹாட்ஸ்பாட்ல இருந்து ஆக்டிவேட் பண்ணுங்க. "லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்"னு ஒரு வரி தோணுச்சுன்னா லைன் பிடிச்சாச்சு. அனுப்பினது மட்டும் ஏறிக்கிட்டு வந்தது 0-லயே நின்னா சாவி தப்பு, இல்லைன்னா பாக்கெட் வந்து சேரலை.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

ஹேண்ட்ஷேக் வந்துடுச்சு! 192.168.57.1 பிங் ஆகுது, ரவுட்டர் பக்கமும் திறக்குது. ஆனா 192.168.57.20 பிங் ஆகலை, ஷேருக்கு அதே எரர் 53. வீட்ல இருந்து அதே கம்ப்யூட்டர் பிங் ஆகுது.

கோட்டை_அகழி:

நல்ல அடையாளம். ரவுட்டர் வரைக்கும் வந்துட்டீங்க, கம்ப்யூட்டரோட ஃபயர்வால்தான் நிறுத்துது.

விண்டோஸ்ல ஃபைல் ஷேரிங் விதி வீட்டு நெட்வொர்க்குக்கு "லோக்கல் சப்நெட்" வரைக்கும்தான் அனுமதி கொடுக்கும். வீட்டு லேப்டாப் 192.168.57-ல இருந்து வர்றதால உள்ளே விடும். நீங்க இப்ப 10.57.0.2-ஆ வர்றீங்க, அதனால வெளியாளாத்தான் பார்க்கும். பிங் விதிக்கும் அதே எல்லைதான், அதான் பிங்கும் போகலை.

வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஸ்டார்ட்ல "விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி" தேடித் திறங்க. இன்பவுண்ட் ரூல்ஸ். அதுல "ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்" வரிசையில எஸ்எம்பி-இன் விதி ஒண்ணுக்கு மேல இருக்கும். புரொஃபைல் நெடுவரிசையில பிரைவேட்னு இருக்கிறதை டபுள் கிளிக் பண்ணுங்க. ஸ்கோப் டேப், ரிமோட் ஐபி அட்ரஸ். "லோக்கல் சப்நெட்"டை அழிக்காதீங்க, அதோட 10.57.0.0/24-ஐயும் சேருங்க. அதே வரிசையில எக்கோ ரிக்வெஸ்ட் ஐசிஎம்பிவி4-இன் விதிக்கும் இதையே செய்யுங்க. "எனி ஐபி"ன்னு போட்டுடாதீங்க.

செட்டிங்ஸ்ல ஈதர்நெட் நெட்வொர்க் "பிரைவேட்"னு இருக்கான்னும் பாருங்க. ரவுட்டர் லேன் முகவரியை மாத்தினதால விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க்னு நினைச்சு பப்ளிக்ல போட்டிருக்கலாம். தனி ஆன்டிவைரஸ் இருந்தா அதுக்குன்னு சொந்த ஃபயர்வால் இருக்கும், அதுலயும் 10.57.0.0/24-ஐ நம்பிக்கையான பட்டியல்ல சேர்க்கணும்.

முடிச்சுட்டு லேப்டாப்ல பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு 192.168.57.20-ம் போர்ட் 445-ம் கொடுங்க. கடைசி வரி "ட்ரூ"ன்னா வழி திறந்தாச்சு. அதுக்கப்புறம் வர்ற எரர் பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் சம்பந்தப்பட்டது இல்லை, யூசர், பாஸ்வேர்ட், பர்மிஷன் சம்பந்தப்பட்டது. கம்ப்யூட்டர் பேரைக் கொடுத்துத் தேடாதீங்க. பேர் தேடற ஒலிபரப்பு டன்னலைத் தாண்டாது. ஐபியையே கொடுங்க.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

ட்ரூ வந்துடுச்சு சார், எரர் 53 போயிடுச்சு. இப்ப யூசர்நேம் பாஸ்வேர்ட் கேட்குது. கம்ப்யூட்டர்ல லாகின் பண்ற 4 இலக்க பின்னைக் கொடுத்தா 1326 வருது.

பாலாற்று_மணல்:

பின் என்பது அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக அது செல்லாது. 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று பொருள்.

இதற்கென ஒரு தனி லோக்கல் யூசரை உருவாக்குங்கள். அட்மின் உரிமை வேண்டாம், பாஸ்வேர்ட் 14 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிறகு ஃபோல்டரில் இரண்டு இடத்தில் அனுமதி தர வேண்டும். ஷேரிங் டேபில் "சேஞ்ச்", செக்யூரிட்டி டேபில் "மாடிஃபை". இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் எல்லாம் கொடுத்துவிட்டு செக்யூரிட்டியை மறந்தால் எரர் 5 வரும், அதாவது அனுமதி மறுப்பு.

லேப்டாப்பில் பெயரைக் கொடுக்கும்போது வீட்டுக் கம்ப்யூட்டரின் பெயர், பேக்ஸ்லாஷ், யூசர்பெயர் என்று எழுதுங்கள். வெறும் யூசர்பெயரைக் கொடுத்தால் லேப்டாப் தன்னிடம் உள்ள யூசர் என்று எடுத்துக்கொள்ளலாம். 1219 வந்தால் பழைய பெயரில் ஒரு இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த ஐபிக்கு உரியதை நீக்கி, ஒருமுறை லாக்ஆஃப் செய்து வாருங்கள்.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

திறந்துடுச்சு! எக்செல், பிடிஎஃப் எல்லாம் ஆபீஸ் லைன்ல நல்லா வருது. ரெண்டு கேள்வி பாக்கி. போன் ஹாட்ஸ்பாட்ல மட்டும் ஃபோல்டர் பட்டியல் வருது, 20 எம்பி ஃபைலை காப்பி பண்ணா 0 சதவீதத்துலயே நிக்குது. அப்புறம் டேலி திறக்க ரொம்ப நேரம் ஆகுது.

கோட்டை_அகழி:

சின்ன பாக்கெட் போகுது, பெரிய பாக்கெட் விழுது. எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, அதுல பிரச்சினை. வயர்கார்ட் இயல்பா 1420 வச்சுக்கும். மொபைல் நெட்வொர்க்ல நடுவுல இன்னொரு உறை சுத்தறதால அந்த அளவு நுழையாம போகலாம். லேப்டாப் கான்ஃபிக்ல இன்டர்ஃபேஸ் பகுதியில எம்டியு 1280-னு ஒரு வரி சேருங்க. சரி பார்க்க, பிங் கட்டளையில உடைக்காதேன்னு சொல்ற எஃப் கொடியோட அளவு 1252 கொடுங்க. 28 தலைப்பு சேர்ந்து 1280 ஆகும். அது பதில் வந்தா காப்பியும் ஓடும்.

டேலி விஷயத்துல தயவுசெஞ்சு கேளுங்க. விபிஎன் வழியா ஷேர்ல டேட்டாவை நேரா திறக்காதீங்க. ராணிப்பேட்டை பக்கத்து ஊர்தான், ஆனா டேட்டா பெரும்பாலும் சென்னை போய்த்தான் திரும்பும். ஒரு தரம் போய் வர 40 மில்லிசெகண்ட்னு வைங்க. திறக்கும்போது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா 1000 தரம் கேட்டா 40 செகண்ட் ஆயிடும். லைன் 100 எம்பிபிஎஸ்ஸா இருந்தாலும் இது குறையாது. மெதுவா இருக்கிறது கூட பரவாயில்லை, எழுதிக்கிட்டிருக்கும்போது லைன் அறுந்தா டேட்டா கெடும். உங்க வீட்ல விண்டோஸ் ப்ரோ இருக்கு, ரிமோட் டெஸ்க்டாப் ஆன் பண்ணி இதே டன்னல் வழியா 192.168.57.20-க்குள்ள போய் டேலியை வீட்லயே ஓட்டுங்க. திரை மட்டும்தான் பயணம் பண்ணும், லைன் அறுந்தாலும் டேட்டா வீட்டோடயே இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்போட போர்ட் 3389-ஐயும் ரவுட்டர்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க, 445-க்குச் சொன்னது அதுக்கும் பொருந்தும்.

குடியாத்தம்_ஃபைபர்:

கரண்ட் போற ஊர்ல இருக்கோம், அதையும் பார்த்துக்கோங்க. ஓஎன்டி, ரவுட்டர் ரெண்டுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடுங்க. அடாப்டர்ல எழுதியிருக்கிற ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்குங்க. ஓஎன்டி 1, ரவுட்டர் 2-ன்னா மொத்தம் 3 ஆம்பியர் தாங்கணும், 2 ஆம்பியர் பெட்டி வாங்கினா ரவுட்டர் விட்டு விட்டு ரீஸ்டார்ட் ஆகும். கம்ப்யூட்டர் பயாஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகிற அமைப்பை வைங்க, பவர் ஆப்ஷன்ல ஸ்லீப்பை "நெவர்" ஆக்குங்க. அக்னி நட்சத்திர வெயில்ல ரவுட்டரை பீரோ மேல சுவரோட ஒட்டி வைக்காதீங்க, சூடாகி வைஃபை தொங்கும்.

சத்துவாச்சாரி_ஃபேஸ்2:

1280 போட்டதும் ஹாட்ஸ்பாட்லயும் காப்பி ஓடுது. டேலியை ரிமோட் டெஸ்க்டாப்ல திறந்தாச்சு, வீட்ல உட்கார்ந்த மாதிரியே இருக்கு. ஷேரை இசட் டிரைவா மேப் பண்ணியிருக்கேன், லேப்டாப் ஆன் பண்ணதும் அதுல சிவப்பு பெருக்கல்குறி காட்டுது. அது ஒண்ணும் இல்லையா?

கோட்டை_அகழி:

ஒண்ணும் இல்லை. விபிஎன் இணையறதுக்கு முன்னாடியே விண்டோஸ் அந்த டிரைவைத் தேடிடுது. வயர்கார்டை ஆக்டிவேட் பண்ணிட்டு டிரைவை டபுள் கிளிக் பண்ணுங்க, குறி போயிடும்.